'லாமே' வியாதி - ரோபோ போட்டியில் தோற்றவர்களுக்கு

"ஒரு தடவை பார்த்திருக்கலாமே", "பேட்டரியை மாற்றியிருக்கலாமே", "அந்தக் கோடை முந்தின நாளே டெஸ்ட் பண்ணியிருக்கலாமே"... ரோபோ போட்டியில் தோற்றுத் திரும்பும் எந்த டீமைக் கேட்டாலும் இந்த 'லாமே'க்கள் வரிசையாக வந்து விழும். பரீட்சையில் கோட்டை விட்டவனுக்கும் கிரிக்கெட்டில் கேட்ச் விட்டவனுக்கும்கூட இந்த வியாதி உண்டு. ஆனால் ரோபோ செய்கிறவர்களுக்கு வருவது கொஞ்சம் முற்றிய வகை. லேசில் விடாது. சிலருக்கு வேலைக்குப் போன பிறகும், சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும், ராத்திரி பதினோரு மணிக்குத் திடீரென்று அந்தக் கழன்ற ஒயர் ஞாபகம் வரும்.

இதற்கு முதல் காரணம் வெறும் கணக்கு. அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காக 1992ல் ஆரம்பித்த ஃபர்ஸ்ட் ரோபோ போட்டியில் பல வருடங்கள் ரோபோ செய்யக் கொடுத்த அவகாசம் ஆறு வாரம். ஒரு ஆட்டத்தின் நேரம் இரண்டரை நிமிடம். ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவை மூட்டை கட்டிவிட வேண்டும், அப்புறம் போட்டி நாள் வரை தொடக்கூடாது என்றொரு விதியும் இருந்தது. மூட்டை கட்டிய மறுநாள் தப்பு எங்கே என்று புரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது! 2020 சீசனிலிருந்துதான் அந்த விதியை எடுத்தார்கள். ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002ல் தொடங்கிய ரோபோகானிலும் இதே கதை. 2008ல் அது புனேயில் நடந்தபோது கண்ணன் வெண்ணெய் எடுக்கிற கதையைத்தான் ஆட்டமாக வைத்தார்கள். நம்மூர் உறியடி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் மூன்று நிமிடம். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் ராத்தூக்கம் கெட்டிருக்கும். அத்தனை மாதங்களும் மூன்று நிமிடத்துக்குள் வந்து நெருக்கும்போது, அந்த மூன்று நிமிடத்தின் ஒவ்வொரு நொடியும் மனசில் கல்வெட்டாக நிற்கிறது.

இரண்டாவது காரணம் தடயம். கிரிக்கெட்டில் தோற்றால் பிட்ச் சரியில்லை, டாஸ் போச்சு, அம்பயர் கவுத்துட்டார் என்று சொல்லிக்கொள்ள ஆயிரம் வழி. ரோபோ அந்தச் சலுகையைத் தராது. நின்றுபோன ரோபோவைத் திறந்தால் கழன்ற கனெக்டரைக் கையிலேயே எடுத்துக் காட்டலாம். "இதோ, இது மட்டும் கழலாமல் இருந்திருந்தால்..." என்று சொல்லலாம். கழன்ற கனெக்டருக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார். அதை சால்டர் செய்தவர், அல்லது சரிபார்க்கிறேன் என்று சொன்னவர். திரும்பி வரும் ரயிலில் யாரும் அவரை ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள். வியாதியின் மோசமான பகுதி அதுதான்.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று, "விடு மச்சி, மறந்துடு". இன்னொன்று, "தோல்விதான் வெற்றிக்கு முதல் படி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்". இரண்டாவது மருந்து ஃபைனல் இயர் படிப்பவருக்கு வேலை செய்யாது. அவருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. முதல் மருந்து யாருக்குமே வேலை செய்வதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, ரோபோக்களின் வரலாற்றிலேயே மிகப் பிரபலமான இரண்டு தோல்வி நாட்களைப் பார்ப்பது நல்லது.

பாலைவனத்தில் நடந்தது

அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, 'கிராண்ட் சேலஞ்ச்' என்ற பந்தயத்தை நடத்தியது. டிரைவர் கிடையாது, ரிமோட் கிடையாது. வண்டி தானே மொஹாவி பாலைவனத்தைக் கடக்க வேண்டும். இது மாணவர்களுக்கு மட்டுமான போட்டி அல்ல, கம்பெனிகளும் கலந்துகொண்டன. ஆனாலும் பேர் வாங்கிய பல குழுக்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவை. வண்டிக்கு அடியில் படுத்து ஒயர் கட்டியதும், விடிய விடிய கோடு எழுதியதும் பெரும்பாலும் மாணவர்கள்தான்.

முதல் பந்தயம் 2004 மார்ச் 13. தூரம் 142 மைல். பரிசு பத்து லட்சம் டாலர். ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிக தூரம் போனது கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாண்ட்ஸ்டார்ம். அதுவே ஏழரை மைலைத் தொடவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு மோட்டார் பைக் இருந்தது. பெர்க்லி குழுவின் கோஸ்ட்ரைடர். ஆள் இல்லாமல் இரண்டு சக்கரத்தில் சாயாமல் நிற்கிற பைக்! பந்தயத்துக்கு வந்ததிலேயே துணிச்சலான யோசனை அதுதான். கொடி அசைத்ததும் சில அடி போனது, பொத்தென்று விழுந்தது. காரணம்? பைக்கைச் சாயாமல் நிறுத்தும் அமைப்பின் சுவிட்சை ஆன் செய்ய, குழுத் தலைவர் ஆன்டனி லெவண்டோஸ்கி மறந்துவிட்டார். மாதக்கணக்கான உழைப்பு ஒரு சுவிட்சில் போனது. 'லாமே'க்களின் மகாராஜா என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த பந்தயம் 2005 அக்டோபர் 8. விண்ணப்பித்தவை 195 குழுக்கள், இறுதிக்கு வந்தவை 23. தூரம் 132 மைல், பரிசு இருபது லட்சம் டாலர். இந்த முறை ஐந்து வண்டிகள் முடித்தன. ஜெயித்தது ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது தோற்றவர்கள்தான்.

பிரின்ஸ்டன் குழுவில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள். வண்டியின் பெயர் ப்ராஸ்பெக்ட் லெவன், ஒரு பிக்கப் டிரக். மற்றவர்கள் கூரை நிறைய லேசர் சென்சார்களை அடுக்கியபோது, இவர்கள் இரட்டைக் கண் கேமராவை நம்பினார்கள். வண்டி அழகாகப் போனது. ஒன்பது மைல் சொச்சம் போனதும் நின்றுவிட்டது. மோதவில்லை, கவிழவில்லை. கம்ப்யூட்டர் திணறி நின்றுபோனது.

பிறகு நினைவகத்தை அலசும் ஒரு மென்பொருளை வைத்துத் தேடியபோது விஷயம் வெளியே வந்தது. வழியில் தென்படும் ஒவ்வொரு தடையையும் நிரல் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். வண்டி அதைத் தாண்டியதும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீக்கச் சொல்லும் கட்டளை கோடில் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் நிரலின் இன்னொரு மூலையில் அந்தத் தடையோடு ஒரு சின்ன இணைப்பு அறுபடாமல் இருந்தது. இணைப்பு இருக்கும்வரை, "இது இன்னும் தேவை போல" என்று நினைத்துக் கம்ப்யூட்டர் அதை நினைவகத்தை விட்டு வெளியே அனுப்பாது. அப்புறம் என்ன? தாண்டிப்போன ஒவ்வொரு புதரும் ஒவ்வொரு கல்லும் உள்ளேயே தங்கி, கடைசியில் முன்னால் இருக்கிற பாதையை யோசிக்க இடமில்லாமல் போனது. குழுவில் ஒருவர் பின்னால் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே, "அந்த மென்பொருளை முன்பே பயன்படுத்தியிருந்தால்..." என்கிற பொருளில்தான் இருக்கும். அக்மார்க் 'லாமே'!

"மறந்துடு" என்ற மருந்து ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது :-) மறக்கச் சொல்லும் கட்டளை அந்த நிரலில் ஏற்கெனவே இருந்தது. கட்டளையை இன்னும் சத்தமாகப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. எந்த இணைப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தேடி, அதை அறுக்க வேண்டியிருந்தது. மனுஷனுக்கும் அப்படித்தான். தோல்வியைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தோல்வியே அல்ல, பதில் கிடைக்காத ஒரு கேள்வி. "உண்மையிலேயே ஏன் நின்றது?", "அதைச் செய்திருந்தால் ஜெயித்திருப்போமா?", "தப்பு என்னுடையதா, அவனுடையதா?" கேள்வி திறந்தே கிடக்கிற வரைக்கும் மனசு அதை வெளியே அனுப்பாது.

பிரின்ஸ்டன் மாணவர்கள் அடுத்துச் செய்ததுதான் இதில் முக்கியம். தப்பைத் திருத்திவிட்டு, சில வாரங்களில், கல்லூரி விடுமுறையில் வண்டியோடு மொஹாவிக்கே திரும்பப் போனார்கள். கேமரா இல்லை, கூட்டம் இல்லை, பரிசு இல்லை. பந்தயத்திலேயே பயங்கரமான பகுதியான, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கிடுகிடு பள்ளமுமாக இருக்கும் பீர் பாட்டில் கணவாயில் வண்டியை விட்டுப் பார்த்தார்கள். வண்டி போனது. அதற்கப்புறமும் அவர்கள் தோற்ற டீம்தான், ரெக்கார்டில் எதுவும் மாறவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 'போயிருக்குமோ?' என்பது 'போகும்' என்று ஆனது.

பதினோரு நிமிடம், பன்னிரண்டு வருடம்

இதற்கு நேர்மாறான கதை கார்னெகி மெலனுடையது. அவர்கள் 2005க்கு இரண்டு வண்டிகளோடு வந்தார்கள். ஹைலேண்டர் வேகமாக ஓட வேண்டும், சாண்ட்ஸ்டார்ம் நிதானமாக ஓட வேண்டும் என்று திட்டம். முயல் கவிழ்ந்தால் ஆமை முடிக்கும். முந்தின வருடம் யாருமே எட்டு மைல்கூடப் போகாத ஒரு பந்தயத்துக்கு இது நல்ல திட்டம்தான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த ஹைலேண்டரின் எஞ்சின் நடுவழியில் சக்தி இழந்து திணற ஆரம்பித்தது. பின்னால் வந்த ஸ்டான்லி, 100 மைல் தாண்டிய பிறகு அதை முந்திவிட்டது. ஸ்டான்லி முடித்தது 6 மணி 54 நிமிடத்தில். ஆமை வேடம் போட்ட சாண்ட்ஸ்டார்ம், சொன்னபடி சமர்த்தாக ஓடி 7 மணி 5 நிமிடத்தில் வந்தது. ஹைலேண்டர் 7 மணி 14 நிமிடம். அதாவது, நிதானமாகப் போ என்று சொல்லி அனுப்பிய வண்டி வெறும் பதினோரு நிமிடத்தில் இருபது லட்சம் டாலரைக் கோட்டை விட்டது. கொஞ்சம் வேகமாக விட்டிருக்கலாமே!

ஹைலேண்டரின் எஞ்சினுக்கு என்ன ஆனது என்பது அன்றைக்குத் தெரியவில்லை. பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு சோதனை ஓட்டத்தில் அந்த வண்டி ஒரு முறை உருண்டு கவிழ்ந்திருந்தது. எது எதற்குக் காரணம் என்று பிடிபடவில்லை. பதில் கிடைத்தது 2017ல், அதுவும் தற்செயலாக. பழைய வண்டியைச் சுற்றிப் பழைய ஆட்கள் கூடியபோது, எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன எலெக்ட்ரானிக் ஃபில்டரின் மேல் அழுத்தம் பட்டது. எஞ்சின் துவண்டது. பன்னிரண்டு வருடக் கேள்விக்கு ஒரு கையளவு டப்பாதான் பதில்.

இரண்டாவதாக வருவதில் வேறொரு கொடுமையும் இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் டிவி காட்சிகளை வைத்து அமெரிக்க உளவியலாளர்கள் செய்த ஓர் ஆய்வு 1995ல் வெளியானது. வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களின் முகத்தில்தான் சந்தோஷம் அதிகமாகத் தெரிந்ததாம். வெள்ளிக்காரர் தங்கத்தைப் பார்க்கிறார், 'தவறிப்போச்சே'. வெண்கலக்காரர் வெறுங்கையோடு நிற்கும் நாலாவது ஆளைப் பார்க்கிறார், 'அப்பாடா'. பதினோரு நிமிடத்தில் தோற்றவனுக்கு, முதல் மைலிலேயே தோற்றவனைவிட ராத்திரித் தூக்கம் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

எல்லா 'லாமே'யும் ஒன்றல்ல

மேலே சொன்ன கதைகளை வரிசையாக வைத்தால் ஒரு விஷயம் தெரியும். வெளியிலிருந்து கேட்க எல்லாம் ஒரே மாதிரி 'லாமே'தான். உள்ளே நாலு விதம்.

ஒன்று, தெரிந்தும் விட்டது. பைக் சுவிட்ச் இந்த வகை. ஆன் செய்ய வேண்டும் என்று தெரியும், அந்த நேரத்தில் மறந்துபோனது. இதை "நான் பொறுப்பில்லாதவன்" என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் 1935ல் போயிங் கம்பெனியின் மாடல் 299 விமானம் சோதனை ஓட்டத்தில் விழுந்து இரண்டு பேர் இறந்ததும் இதே போன்ற தவறால்தான். தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்கப் போட்டு வைத்த பூட்டை எடுக்காமல் கிளப்பிவிட்டார்கள். ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல, கைதேர்ந்த விமானிகள். ராணுவ விமானிகள் அதிலிருந்து கண்டுபிடித்த தீர்வு 'இன்னும் பொறுப்பான விமானி' அல்ல, ஒரு காகிதம். கிளம்பும் முன் வாய்விட்டுப் படித்து டிக் அடிக்க வேண்டிய செக்லிஸ்ட். அந்த விமானமே பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. ஆகவே, தெரிந்தும் விட்ட தவறுக்கு மருந்து, பத்து வரிச் செக்லிஸ்ட். குணத்தைத் திருத்தும் வேலை அதில் ஒன்றுமில்லை.

இரண்டு, தெரியாமல் விட்டது. பிரின்ஸ்டன் கோடு இந்த வகை. தேடினால் கிடைத்திருக்கும், தேடவில்லை. நம்மூர்க் கல்லூரிப் போட்டிகளில் இதுதான் மிக அதிகம். ஒர்க்‌ஷாப் டியூப்லைட்டில் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய லைன் ஃபாலோயர், ஆடிட்டோரியத்தின் மஞ்சள் விளக்கில் கோடு தெரியாமல் தட்டாமாலை சுற்றும். மருந்து: திரும்ப ஓட்டிப் பார்ப்பது.

மூன்று, சரியாக முடிவெடுத்தும் தோற்றது. சாண்ட்ஸ்டார்மின் வேகம் இந்த வகை. இதில் திருத்த எதுவுமே இல்லை. வேகத்தை ஏற்றியிருந்தால் ஜெயித்திருக்கலாம், எங்காவது பாறையில் மோதி நின்றும் இருக்கலாம். பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் ஒரு வழி மட்டும் பளிச்சென்று தெரிகிறது. 1975ல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், 1814ல் பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிய குறிப்பைச் சில குழுக்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு முடிவைச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ, அந்தந்தக் குழுவுக்கு அதுவே நடக்கக்கூடியதாகத் தோன்றியது. முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்த மாதிரிதான் இருக்கும். 'அன்றைக்கு ராத்திரி கையில் இருந்த தகவல் என்ன?' என்று மட்டும் கேட்டு, முடிவு நியாயமாக இருந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். வருத்தம் இருக்கட்டும். குற்ற உணர்ச்சிக்கு இங்கே வேலை இல்லை.

நாலு, யாருக்கும் தெரியாதது. ஹைலேண்டரின் ஃபில்டர். தேடியும் கிடைக்காதது. இதற்கு மருந்து இல்லை. "காரணம் இன்னும் தெரியவில்லை" என்று எழுதி வைக்கலாம். கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் இந்த வரியை எழுத தைரியம் வேண்டும். எழுதாத டீம்தான் அந்தக் காலி இடத்தில் ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

விசாரணைக்கு முன்னால் தண்டனை

ரோபோ டீம்களில் நடக்கிற பெரிய அநியாயம் இது. தோற்ற அரைமணி நேரத்தில் காரணம் முடிவாகிவிடும். "கனெக்டர் கழண்டுடுச்சு. அவதான் சால்டர் பண்ணினா." யாரும் சத்தம் போட்டுக்கூடச் சொல்லமாட்டார்கள். அடுத்த செமஸ்டரில் அந்தப் பெண் ஒர்க்‌ஷாப் பக்கம் வருவதை நிறுத்தியிருப்பாள். ரோபோவையும் யாரோ மோட்டார் தேவை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். கனெக்டர் கழன்றதால் ரோபோ நின்றதா, ரோபோ நின்று சுவரில் இடித்ததால் கனெக்டர் கழன்றதா என்று இனிமேல் எந்த நீதிமன்றத்தாலும் சொல்ல முடியாது. சாட்சியையே கழற்றி எடுத்தாயிற்று.

திரும்ப ஓட்டிப் பார்ப்பதன் உண்மையான பலன் இங்கேதான். ஒர்க்‌ஷாப் தரையில் கறுப்பு டேப் ஒட்டி, அதே பேட்டரியைப் போட்டு, கனெக்டரை ஒழுங்காக மாட்டி, பத்துத் தடவை ஓட்டினால் போதும். பத்துத் தடவையும் ஓடினால் கனெக்டர்தான் என்று ஓரளவு நம்பலாம். ஆறாவது தடவை அதே இடத்தில் நின்றால்? மோட்டார் டிரைவர் சூடாகி நிற்கிறது என்று தெரியலாம். அப்போது அந்தப் பெண் நிரபராதி. தவறு அவளுடையதாகவே இருந்தாலும் குறைந்தபட்சம் அது ஒரு சால்டரிங் தவறு என்ற அளவில் நிற்கும், வாழ்நாள் பட்டமாக மாறாது. அதோடு இன்னொரு கேள்வியும் வரும்: ஒரே ஒரு கனெக்டர் கழன்றால் மொத்த ரோபோவும் படுத்துவிடுகிற மாதிரி டிசைன் செய்தது யார்? எல்லோரும்தான்!

ஆகவே தோற்ற டீம் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

1. முதல் இரண்டு நாள் காரணம் பேசாமல் இருப்பது. தூங்கி, சாப்பிட்டு, போன் பார்த்து முடிக்கட்டும். அழுகிறவர் அழட்டும்.

2. ஒரு வாரத்துக்குள், ரோபோவைப் பிரிக்கும் முன், ஒரு சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து 'லாமே'க்களைக் காகிதத்தில் எழுதுவது. ஆள் பெயர் வரக்கூடாது. "அவன் பார்க்கவில்லை" என்று எழுதாமல் "ஆட்டத்துக்கு முன் பேட்டரி வோல்ட் அளக்கப்படவில்லை" என்று எழுத வேண்டும்.

3. ஒவ்வொன்றையும் மேலே சொன்ன நாலு வகையில் எது என்று பிரிப்பது. முதல் வகை செக்லிஸ்டுக்குப் போகும். இரண்டாவது வகையைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவதுக்கு நேராக "முடிவு சரி, பலன் சரியில்லை". நாலாவதுக்கு "தெரியவில்லை".

4. அந்தக் காகிதத்தை ஜூனியர்களிடம் கொடுப்பது. ஃபைனல் இயர் ஆட்களுக்கு அடுத்த வருஷம் இல்லை, ஆனால் அவர்களின் தவறுகளுக்கு அடுத்த வருஷம் உண்டு. அதே தவறு சீனியர் சொல்லாமல் போனதால் இன்னொரு தடவை நடந்தால், அது புது 'லாமே'.

இதைப் படித்துவிட்டு "உறுத்தல் இருந்தால்தானே முன்னேற முடியும், இவ்வளவு சுலபமாகக் கழுவிவிட்டால் அடுத்த தடவையும் அலட்சியம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். உறுத்தல் முதல் வாரத்தில் நல்ல வேலைக்காரன். காகிதத்தை எழுத வைப்பதும், டேப் ஒட்ட வைப்பதும் அதுதான். காகிதம் எழுதி, ரோபோவை ஓட்டிப் பார்த்த பிறகும் அதே உறுத்தல் அப்படியே நின்றால், அதற்குச் செய்ய வேலை எதுவும் பாக்கி இல்லை. பிரின்ஸ்டன் வண்டிக்குள் தங்கிப்போன புதர்கள் மாதிரி இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கும்.

கடைசியாக ஒரு ஜாக்கிரதை. இந்தக் கதைகளைச் சொல்லும் பலர், வழக்கமாக முடிக்கிற விதம் வேறு. கார்னெகி மெலன் 2007ல் நகர வீதிகளில் நடந்த அடுத்த டார்பா பந்தயத்தில் பாஸ் என்ற வண்டியோடு முதலிடம் பிடித்தது. 2009ல் கூகுள் தானோட்டி கார் திட்டத்தைத் தொடங்கியபோது ஸ்டான்லியை ஜெயிக்க வைத்த செபாஸ்டியன் த்ருன், தோற்ற கார்னெகி மெலன் பக்கத்திலிருந்து கிறிஸ் அர்ம்சன், பைக் சுவிட்சை மறந்த லெவண்டோஸ்கி மூவரும் ஒரே திட்டத்தில் இருந்தார்கள். விழுந்த அந்த பைக்கும் ஜெயித்த ஸ்டான்லியும் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கின்றன. "பார்த்தீங்களா, தோத்தாலும் பெரிய ஆளாகலாம்!" என்று முடிப்பார்கள்.

எல்லாம் உண்மைதான். ஆனால் இதை ஆறுதலாக நம்புவது ஆபத்து. 2005ல் விண்ணப்பித்த 195 குழுக்களில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் ஞாபகமில்லை. தோற்ற எல்லோரையும் கூகுள் கூப்பிடவில்லை. 'பின்னால் ஜெயித்தால்தான் இந்தத் தோல்விக்கு அர்த்தம்' என்று நினைத்தால், பின்னால் ஜெயிக்காதவருக்கு இரண்டு 'லாமே'க்கள் சேர்ந்துவிடும். பிரின்ஸ்டன் மாணவர்கள் பாலைவனத்துக்குத் திரும்பிப் போனது கூகுளில் வேலை வாங்க அல்ல. வண்டி ஏன் நின்றது, சரிசெய்தால் போகுமா என்று தெரிந்துகொள்ளத்தான். தெரிந்தது, போதும்.

எல்லோருக்கும் மொஹாவி வரை போக வேண்டிய அவசியமில்லை. தோற்று வந்த ரோபோவை ஒரு வாரம் யாரும் பிரிக்காமல் பார்த்துக்கொண்டு, ஒரு ரோல் கறுப்பு டேப் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை, அந்த சால்டரிங் பண்ணின பெண்ணையும் சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்குக் கூப்பிடுவது.